மருந்துக் கொம்பு மக்கர் செய்தால்: பிளின்ட்லாக்காரர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிளின்ட்லாக் மான் வேட்டைப் பருவம் தொடங்கும். 1974இல் வந்த ஏற்பாடு இது. சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கிக்கு மட்டுமே அதில் அனுமதி. அந்தப் பருவம் நெருங்கும்போது என் மேசைக்கு வருகிறவர்கள் "துப்பாக்கி சரியாக வெடிக்க மாட்டேன் என்கிறது" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். குழலையும் விசையையும் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கோளாறு வெடிமருந்து நிரப்பித் தோளில் தொங்கவிடும் மாட்டுக் கொம்பிலோ, மருந்தை அளக்க மான்கொம்பில் குடைந்த அளவையிலோ, பற்றுத் துளை குத்தும் ஊசியிலோ இருக்கும். ஆகவே துப்பாக்கியைக் கழற்றுவதற்கு முன்னால் இந்தச் சின்னச் சாமான்களைப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனைகள்தான் அதிகம்.

எந்தப் பெயரை எதற்குச் சொல்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொம்பின் மெல்லிய முனை மூக்கு. அதைச் செருகி மூடுவது அடைப்பான். அகன்ற பக்கத்தை மூடியிருக்கும் மரம் அடிக்கட்டை. துப்பாக்கியில் தீப்பொறி விழும் இடம் கிண்ணி. கிண்ணியிலிருந்து குழலுக்குள் போகும் சின்ன ஓட்டை பற்றுத் துளை. மருந்து என்றால் வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கரிமருந்து மட்டும்தான். புகையில்லா மருந்தை இந்தத் துப்பாக்கிக்குள் போட்டால் குழல் வெடித்துச் சிதறும். அதைப் பற்றி இங்கே வேறு பேச்சில்லை.

எதையும் பழுது பார்க்கத் தொடங்கும் முன்

கொம்பைக் காலி செய்யுங்கள். மீதி மருந்து அது வந்த டப்பாவுக்கே போகட்டும். கவிழ்த்துத் தட்டினால் காலியாகிவிட்டது என்று நம்ப வேண்டாம். உட்சுவரில் தூள் ஒட்டிக்கொண்டே இருக்கும். துளையிடுவது, அரம் போடுவது, சூடு காட்டுவது என்று எது செய்வதானாலும் வெதுவெதுப்பான தண்ணீரை உள்ளே ஊற்றி, குலுக்கி, கருப்பு நிறம் வராத வரை அலசுங்கள். அப்புறம் அடைப்பானை எடுத்துவிட்டு, நிழலில் மூக்கு கீழே பார்க்க ஒரு வாரம் தொங்கவிடுங்கள். அலசிய தண்ணீரை வாளியில் அப்படியே விடாதீர்கள். தண்ணீர் வற்றினால் வெடியுப்பு திரும்பப் படிந்து, அடியில் உள்ள கரியோடும் கந்தகத்தோடும் சேர்ந்து எரியக்கூடியதாகிவிடும். அன்றைக்கே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி ஊற்றிவிடுங்கள்.

மருந்து இறங்கவில்லை, அல்லது விட்டுவிட்டு இறங்குகிறது

அடைப்பானைப் போட்டுக்கொண்டு காதருகே ஆட்டிப் பாருங்கள்.

சலசலவென்று சத்தம் கேட்டால் மருந்து உலர்ந்துதான் இருக்கிறது. தடை மூக்கில் இருக்கிறது. முதலில் ஒரு மரக்குச்சியை விட்டுத் துழாவுங்கள். புதுக் கொம்பானால் குடைந்தபோது வந்த சுருள் உள்ளே கிடக்கலாம். அது இல்லையென்றால் மருந்தின் பருமனைப் பாருங்கள். மணியின் பருமனை 2எஃப், 3எஃப் என்று குறிப்பார்கள்; 2எஃப் மருந்தின் மணி 3எஃப்பை விடப் பெரியது. கால் அங்குலத்துக்குக் குறைவான துளையில் 2எஃப் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கும். கால் அங்குலம் முதல் 5/16 அங்குலம் வரை இருந்தால் தாராளமாக ஓடும். 3எஃப்புக்கென்று செய்த கொம்பில் 2எஃப்பைப் போட்டிருந்தால் மருந்தை மாற்றினாலே போதும்.

துளை சரியான அளவில் இருந்தும் ஓடவில்லையா? கையால் குடையும்போது நுனியிலிருந்து வரும் துளையும் உள்ளே இயல்பாக இருக்கும் குழிவும் ஒரே நேர்க்கோட்டில் சந்திப்பது அபூர்வம். சந்திக்கும் இடத்தில் ஒரு படி நிற்கும். மருந்து அதில் தங்கும். கம்பியின் நுனியை லேசாக வளைத்து உள்ளே விட்டால் படி தட்டுப்படும். அலசிக் காயவைத்த கொம்பில் உருண்டை அரத்தால் அதைச் சரித்துவிடலாம். மூக்கின் சுவர் ஏற்கெனவே மெல்லியதாக இருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். கொம்பு செய்பவரிடம் கொடுங்கள். அரம் வெளியே வந்துவிட்டால் மூக்கே போயிற்று.

சத்தம் மந்தமாக, கட்டி உருள்வது போல வந்தால் ஈரம். குளிர்காலத்தில் இதற்கு முக்கியக் காரணம் மழையல்ல, வீடுதான். நாள் முழுக்கப் பனியில் இருந்த கொம்பைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவந்ததும் அதன் மேல் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது அடைப்பானைத் திறந்தால் உள்ளேயும் அதுவே நடக்கும். வந்தவுடன் திறக்காதீர்கள்; அறையின் சூட்டுக்கு அது வரும்வரை பொறுங்கள்.

நனைந்த மருந்தை அடுப்பிலோ ஹீட்டர் மேலோ உலர்த்தலாமா என்று கேட்பவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு. கூடாது. தீப்பிடிக்கும் என்பது ஒரு பக்கம். வெடியுப்பு கரைந்து இடம் மாறிய பிறகு உலர்ந்தாலும் அது பழைய மருந்தாகாது. கொட்டித் தண்ணீரில் கரைத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். டப்பா முழுக்க நனைந்து போயிருந்தால் உள்ளூர்த் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

அடைப்பான் சிக்கிக்கொண்டது

கோடையில் வரும் தொல்லை. மரம் ஊதியிருக்கும். குறடு போட்டு இழுத்தால் மரம் வராது, மூக்குதான் பிளக்கும். உலர்ந்த அறையில் ஓரிரு நாள் வைத்துவிட்டு, இழுக்காமல் திருகி எடுங்கள். சூடு காட்டவே வேண்டாம். உள்ளே மருந்து இருக்கிறது.

வெளியே வந்ததும் அடைப்பானில் எங்கே பளபளப்பாகத் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த இடத்தை மட்டும் கண்ணாடித் துண்டால் லேசாகச் சுரண்டி, தேன்மெழுகு தடவுங்கள். அப்படியும் அடிக்கடி சிக்கினால் மரம் தவறு. பைன் போன்ற மென்மரத்தில் செதுக்கிய அடைப்பானைத் தூக்கிப் போட்டுவிட்டு ஹிக்கரி, மேப்பிள் போன்ற கடினமரத்தில் செய்துகொள்ளுங்கள். பல கைவினைஞர்கள் வயலின் பிரடையையே வாங்கிச் செருகிவிடுகிறார்கள். 30க்கு 1 என்ற சரிவில் அது சீராகக் கூம்பியிருக்கும். அதே சரிவில் மூக்கைக் குடைய வயலின்காரர்களின் குடைகருவியும் கடையில் கிடைக்கும். பார்க்கவும் லட்சணம்.

அடைப்பான் தானாக விழுகிறது

இது சிக்கிக்கொள்வதை விட மோசம். சிக்கினால் வேட்டை கெடும், விழுந்தால் உங்கள் விலாப் பக்கம் திறந்த மருந்து தொங்குகிறது என்று அர்த்தம். அன்றைய தினத்துக்கு, மெழுகு தேய்த்த நூலை அடைப்பானில் சுற்றிச் செருகலாம். வீட்டுக்கு வந்ததும் புதிதாக ஒன்று செய்யுங்கள். பழைய அடைப்பான் மேல் தோல், டேப் என்று கட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. மூக்கின் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும், எதைச் சுற்றினாலும் ஒரு பக்கம் இடைவெளி இருக்கும். துளையைக் கூம்பாகத் திருத்தி அதற்கேற்ப அடைப்பான் செய்வதுதான் வழி. கயிற்றால் அடைப்பானைக் கொம்போடு கட்டிவையுங்கள்.

பையிலும் உடையிலும் கருப்புத் தூள் படிகிறது

எந்த இடத்திலிருந்து என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கொம்பை வெள்ளைத் துணியில் சுற்றி, ஒரு மணி நேரம் தோளில் மாட்டிக்கொண்டு நடங்கள். துணியில் கறை எங்கே என்று பாருங்கள்.

கறை மூக்குப் பக்கம் இருந்தால் அடைப்பான்தான். மேலே சொன்னதைப் பாருங்கள். லங்காஸ்டர், யார்க் பக்கத்துப் பழைய பாணியில் மூக்கையே திருகாணி போலச் செய்து மாட்டிய கொம்பு உங்களுடையது என்றால், திருகு இழையில் தூள் நுழைந்து இறுகாமல் போயிருக்கலாம். கழற்றி, பழைய பல் துலக்கியால் இழையைச் சுத்தம் செய்து, துளி மெழுகு தடவி மாட்டுங்கள். இழை உடைந்திருந்தால் அது நிபுணர் வேலை.

கறை அடிப்பக்கம் இருந்தால் அடிக்கட்டையைச் சுற்றி ஏதோ விட்டுப் போயிருக்கிறது. ஜனவரியில் இது சகஜம். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று எலும்பு வற்றுகிற அளவுக்கு உலர்ந்துவிடும். மரமும் கொம்பும் வெவ்வேறு அளவில் சுருங்கும். நடுவே முடி அகல இடைவெளி விழும். கொம்பை அலசிக் காயவைத்து, அடிப்பக்கத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி மூக்கு வழியாக ஊதுங்கள். குமிழி வரும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் சின்னக் குமிழி என்றால் தேன்மெழுகு போதும். கைச்சூட்டில் பிசைந்து, மரக்கரண்டியின் விளிம்பால் இடைவெளியில் அழுத்தித் தேயுங்கள். மெழுகுவர்த்தியும் வேண்டாம், பற்றவைப்பு இரும்பும் வேண்டாம். பிறகு இன்னொரு தடவை ஊதிப் பாருங்கள்.

சுற்றிலும் குமிழி வந்தாலோ, கட்டையைப் பிடித்து ஆட்டினால் அசைந்தாலோ, மர ஆணிகளைப் பாருங்கள். ஓர் ஆணி மட்டும் தளர்ந்திருந்தால் சற்றே பருத்த ஒன்றைச் சீவி அடிக்கலாம். எல்லாமே தளர்ந்திருந்தால் அடிப்பக்கம் வட்டமாக இல்லாமல் கோணிவிட்டது என்று பொருள். கொதிநீரில் இளக்கி, கூம்புக் கட்டையைச் செருகி வட்டமாக்கி, புது அடிக்கட்டை பொருத்த வேண்டும். அதற்குக் கொம்பு செய்பவரிடம் போவதே மலிவு. இந்த இடத்தில் பலர் எப்பாக்சி பசையைக் கொட்டுகிறார்கள். புதுக் கொம்பில் சுத்தமான பரப்பில் அது நன்றாகவே பிடிக்கும். நான் குறை சொல்ல மாட்டேன். மருந்துத் தூள் ஏறிய பழைய இடைவெளியில் அது ஒட்டியது போல நடித்துவிட்டு, அடுத்த குளிர்காலத்தில் தகடாகப் பெயர்ந்து வரும்.

கறை உடல் பகுதியில் இருந்தால் விரிசல். வெளிர் நிறக் கொம்பானால் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலே கோடு தெரியும். கருங்கொம்புக்குத் தண்ணீரில் அமிழ்த்தும் சோதனைதான். உடலிலோ மூக்கின் கழுத்திலோ விரிசல் விழுந்த கொம்பு இனி மருந்து சுமக்கக் கூடாது. சுவரில் மாட்டி அழகு பாருங்கள். நாய் உள்ள வீடானால் உயரமாக மாட்டுங்கள். கொம்பு அதற்குத் தின்பண்டம்.

ஒரு விதிவிலக்கு. பாட்டன் வீட்டுப் பரணிலிருந்து வந்தது, மேலே கோட்டையோ கப்பலோ பெயரோ ஆண்டோ பொறித்திருக்கிறது என்றால் மெழுகு, எண்ணெய், பசை எதுவும் தடவாதீர்கள். 1755இல் லேக் ஜார்ஜ் பாசறையில் ஜான் புஷ் என்ற கறுப்பினப் படைவீரர் செதுக்கிய கொம்புகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உங்களுடையது அந்த ரகமாக இல்லாமலும் போகலாம். இருந்தாலும் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். உள்ளே பழைய மருந்து இருக்கலாம் என்பதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குறி ஒரு தடவை மேலே, ஒரு தடவை கீழே: அளவை சரியில்லையா?

முதலில் உங்கள் கை. அளவையை ஒரு தடவை தட்டி நிரப்புவது, அடுத்த தடவை தட்டாமல் நிரப்புவது என்று மாற்றினால் மருந்து மாறும். ஒரே உயரத்திலிருந்து ஊற்றி, ஒரே மாதிரி தட்டி, விளிம்போடு வழித்துவிடுங்கள். இதிலேயே பாதிப் பேருக்குக் குறி சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் ஐந்தாறு அளவு ஊற்றி, தனித்தனியே தராசில் நிறுத்துப் பாருங்கள். அமெரிக்க வழக்கில் மருந்தைக் கிரெயினில் சொல்வார்கள். ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின். 70 கிரெயின் என்றால் ஏறக்குறைய 4.5 கிராம். எடைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், மொத்தமாகவே கூடவோ குறையவோ இருந்தால் அளவை தவறில்லை. நீங்கள் மருந்தின் பிராண்டை மாற்றியிருப்பீர்கள். கோயெக்ஸுக்குக் குடைந்த அளவையில் சுவிஸ் மருந்தை நிரப்பினால் எடை வேறாகத்தான் வரும்.

எடைகள் தாறுமாறாக வந்தால் அளவையின் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மான்கொம்பின் நடுப்பகுதி கடற்பஞ்சு போலத் துளைத்துளையாக இருக்கும். குடைந்தபோது அது உட்சுவரில் நின்றுவிட்டால் மருந்து அதில் புகுந்து தங்கும், ஈரத்தையும் இழுக்கும். அலசிக் காயவைத்து, அரக்கு வார்னிஷ் ஒரு பூச்சு பூசினால் வழுவழுப்பாகும். பூச்சு காய்ந்ததும் கொள்ளளவு குறைந்திருக்கும். மறுபடி நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்வதானால் அகலமும் ஆழமின்மையும் வேண்டாம். ஒடுங்கி நீண்ட அளவையில் விளிம்பில் வழிக்கும் பிழை சிறிதாகிவிடும்.

அளவையைத் தொலைத்துவிட்டேன், கொம்பிலிருந்தே குழலில் ஊற்றலாமா?

கூடாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முந்தைய சூட்டின் கங்கு குழலின் அடியில் கிடக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. அளவையிலிருந்து ஊற்றும்போது அது பற்றினால் 70 கிரெயின் புஸ்ஸென்று எரிந்து கையைச் சுடும். கொம்பிலிருந்து ஊற்றும்போது பற்றினால் தீ மூக்கு வழியாக ஏறும். அரைப் பவுண்டு கொள்ளும் கொம்பில் 50 சூட்டுக்கான மருந்து இருக்கிறது, அதுவும் உங்கள் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில். ஒழுங்கான சுடுதிடல் எதிலும் இதை அனுமதிக்க மாட்டார்கள். பக்கத்தில் சுடுபவரிடம் அளவையை இரவல் கேளுங்கள், இல்லையென்றால் அன்றைக்கு மூட்டை கட்டுங்கள்.

அளவை இருப்பவர்களும் வரிசையை விடக் கூடாது: கொம்பிலிருந்து அளவைக்கு, உடனே அடைப்பான், கொம்பு முதுகுப் பக்கம், அதற்குப் பிறகுதான் அளவையிலிருந்து குழலுக்கு.

கிண்ணியில் பற்றுகிறது, குழலில் பற்றவில்லை

துப்பாக்கி முனையை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது ஒரு நிமிடம் நில்லுங்கள். உங்கள் திடலின் விதி அதற்கு மேல் சொன்னால் அதன்படி. உள்ளே கங்கு புகைந்துகொண்டிருந்தால் தாமதமாக வெடிக்கும். அதற்கப்புறம் இந்த வரிசையில் பாருங்கள்.

துளை அடைத்திருக்கிறதா? ஊசியால் குத்தி, கிண்ணியைத் துடைத்து, புதிதாக மருந்திட்டுச் சுடுங்கள். பெரும்பாலும் இத்தோடு முடியும். ஈரக்காற்றுள்ள நாளில் சுட்ட கசடு கருங்குழம்பாக இளகித் துளைக்குள் ஓடும். ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் கிண்ணியை உலர்ந்த துணியால் துடைப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஊசி உள்ளே போகிறது, நுனியில் மருந்துத் தூள் வரவில்லையா? துளைக்குப் பின்னால் எண்ணெயோ, துடைத்த ஈரமோ, துணித் துணுக்கோ இருக்கலாம். மருந்தே போடாமல் குண்டை இறக்கியிருக்கவும் கூடும், எல்லோருக்கும் நடப்பதுதான். துளை வழியாகச் சில மணி மருந்தை ஊசியால் தள்ளி, குண்டு அடிவரை இறங்கியிருக்கிறதா என்று கம்பியால் உறுதி செய்துகொண்டு சுடலாம். இரண்டு முயற்சியில் போகவில்லை என்றால் நிறுத்திவிட்டுத் திடல் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். கரியமில வாயுவால் குண்டைத் தள்ளும் கருவி அவர்களிடம் இருக்கும்.

கொம்பில் என்ன மருந்து? பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகள் பற்றிக்கொள்ளக் கரிமருந்தை விட அதிகச் சூடு கேட்கும். பிளின்ட்லாக்கில் அவற்றை நம்ப முடியாது. வேறு துப்பாக்கிக்கு நிரப்பிய கொம்பை மாற்றி எடுத்து வந்துவிட்டு, கல்லையும் இரும்பையும் திட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கொம்பிலும் எந்த மருந்து என்று சீட்டுக் கட்டிவையுங்கள்.

ஊசி துளைக்குள்ளேயே முறிந்துவிட்டதா? உள்ளே மருந்து இருக்கும்போது நோண்டவோ துளையிடவோ வேண்டாம். துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம், மருந்து உள்ளே இருக்கிறது என்று போனிலேயே சொல்லிவிட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள்.

பற்றுகிறது, ஆனால் ஒரு கணம் தாமதம்

கிண்ணியில் மருந்து அதிகம். துளை மூடுகிற அளவுக்கு நிரப்பினால் அது திரி போல எரிந்துதான் உள்ளே போகும். கிண்ணியில் பாதிக்குக் குறைவாக, துளையிலிருந்து சற்று விலகி இருந்தால் போதும்; சுடர் தாவிப் பிடித்துக்கொள்ளும். கிண்ணியில் இடும் பொடிமருந்துக்கென்று தனியாக ஒரு குட்டிக் கொம்பு வைத்திருப்பவர் அதன் மூக்கை ஒடுக்கமாகச் செய்துகொண்டால் அளவு தானாகவே கட்டுப்படும்.

குறைத்தும் தாமதம் போகவில்லை, கூடவே பக்கவாட்டில் தீ சீறுவது அதிகமாகியிருக்கிறது என்றால் துளையை அளந்து பாருங்கள். துப்பாக்கி காலியாக இருக்கும்போது 1/16 அங்குலத் துளைக்கம்பியின் மழுங்கிய பக்கத்தைச் செருகுங்கள், அதாவது 1.6 மில்லிமீட்டர். அது சிக்கென்று பொருந்தினால் நல்லது. 5/64 அங்குலக் கம்பி தாராளமாகப் போனால் துளை தேய்ந்துவிட்டது. கடினமான எஃகு ஊசியால் ஆண்டுக்கணக்கில் குடைந்ததும் இதற்குக் காரணமாக இருக்கலாம். துளையின் உறையை மாற்றுவது துப்பாக்கிப் பழுதுபார்ப்பவர் வேலை. ஊசியைப் பித்தளையிலோ செம்பிலோ மாற்றுவது உங்கள் வேலை. செலவு ஒரு துண்டுக் கம்பி.

தீ சீறும் அந்தப் பக்கத்தில் ஆள் நிற்கக் கூடாது, திறந்த கொம்போ டப்பாவோ இருக்கக் கூடாது.

தோள்வார் தளர்கிறது, கொம்பு நழுவுகிறது

மூக்குப் பக்கக் காடியில் தோல் அறுந்திருந்தால் வாரை மாற்றுங்கள். அடிக்கட்டையில் உள்ள கொக்கி ஆடினால் கவனம் தேவை: நீளமான இரும்புத் திருகாணி போட்டு இறுக்கியிருப்பார்கள், அதன் முனை கட்டையைத் தாண்டி மருந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓட்டை வழியே ஈரமும் நுழையும். அடிக்கட்டையின் கனத்தை விடக் குட்டையான பித்தளை ஆணி போடுங்கள். பழைய ஓட்டையில் மர ஆணியை அடித்து அடைத்துவிட்டு, பக்கத்தில் புது இடம் பாருங்கள்.

கொம்பின் மேல் சின்னச் சின்னக் குழிகள்

தோல் வண்டு. அதன் புழு கொம்பைத் தின்னும். மேலோட்டமான குழி என்றால் கொம்பைக் காலி செய்து அலசிக் காயவைத்து, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு அறைச் சூட்டுக்கு வரும்வரை பையைப் பிரிக்க வேண்டாம். அப்புறம் ஊதிப் பார்க்கும் சோதனை. குமிழி வந்தால் புழு மறுபக்கம் வரை போய்விட்டது. அந்தக் கொம்பில் இனி மருந்து நிரப்பாதீர்கள். குமிழி வராவிட்டால் குழிகளை மெழுகால் நிரப்பிப் பயன்படுத்தலாம். அதே பையில் கிடந்த தோல் வார், கம்பளி உறை எல்லாவற்றையும் உதறிப் பாருங்கள், புழு அவற்றிலும் இருக்கும்.